வடசென்னைப் பங்கில் எங்கே சேர்வது, எதற்கு யாரிடம் போவது

கேட்டவர்கள் தூத்துக்குடிப் பக்கமிருந்து தண்டையார்பேட்டைக்கு வாடகைக்கு வந்திருக்கும் குடும்பம். ஞாயிறு கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்குப் போகிறார்கள். அறிவிப்பில் ஏழெட்டுக் குழுக்களின் பெயர் வாசிக்கப்படுகிறது, எது என்ன வேலை செய்கிறது என்று புரியவில்லை. பங்கில், அதாவது குடியிருக்கும் பகுதிக்கான கோயிலில், பெயர் பதிவது எப்படி, எதில் சேர்ந்தால் உருப்படியாக ஏதாவது செய்யலாம், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, துபாயில் இருக்கும் தம்பி கோயிலுக்குப் பணம் அனுப்பலாமா என்பவை கேள்விகள்.

எந்தக் குழு என்று தேடும் முன் உங்கள் தெரு எந்த அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) வருகிறது என்று கேளுங்கள். பங்கில் நடக்கும் உருப்படியான வேலையில் பெரும்பகுதி அன்பியத்தின் குடும்பப் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறது. மேடை, மைக், திருவிழாக் கமிட்டி எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பாதி. மற்ற பாதி ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. எந்த வீட்டில் படுத்த படுக்கையாய் யார், எந்த வீட்டில் கல்யாணம் நிற்கிறது, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டது என்பதெல்லாம் அதில்தான் ஏறும். அந்த நோட்டு சரியாக இருக்கிற பங்கில் மற்றதெல்லாம் ஓரளவு தானாக நடக்கும்.

பங்கு என்பது தெரு எல்லை வைத்துப் பிரித்தது, விருப்பம் வைத்து அல்ல. சனிக்கிழமை பெரம்பூர் லூர்து அன்னை கோயிலுக்குப் போகலாம், செவ்வாய்க்கிழமை அரண்மனைக்காரத் தெரு அந்தோணியாருக்குப் போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் குடும்பப் பதிவு, ஞானஸ்நானம், கல்யாண ஓலை (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு), அடக்கம் எல்லாம் நீங்கள் குடியிருக்கும் தெரு எந்தப் பங்கோ அங்கே. வடசென்னையில் கோயில்கள் நெருக்கமாக இருப்பதால் ஒரே சாலையின் இரண்டு பக்கமும் இரண்டு பங்காக இருக்கலாம். பங்கு அலுவலகத்தில் தெருப் பெயரைச் சொன்னால் சொல்லிவிடுவார்கள்.

பதிவுக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: பழைய பங்குத்தந்தையின் மாற்றுக் கடிதம், உங்கள் இருவரின் திருமணச் சான்று, எல்லோருடைய ஞானஸ்நானச் சான்று, பிள்ளைகள் புதுநன்மை (முதல் நற்கருணை), உறுதிப்பூசுதல் பெற்றிருந்தால் அதன் தேதி, முகவரிக்கு வாடகை ஒப்பந்தமோ ஆதாரோ. மாற்றுக் கடிதம் இல்லையென்றால் திருப்பி அனுப்பமாட்டார்கள், ஆனால் ஊரிலிருந்து அது வரும்வரை குடும்ப அட்டை கிடைக்காமல் இழுக்கும். அட்டையில் மாதச் சந்தா பதிவாகும். சந்தா கட்டாததற்காக அருட்சாதனம் (ஞானஸ்நானம், நற்கருணை, திருமணம் போன்றவை) மறுக்க முடியாது, அது திருச்சபைச் சட்டத்தில் இல்லை. அதற்காகக் கட்டாமல் இருக்காதீர்கள். மின்கட்டணமும் கோயில் பணியாளரான உபதேசியாரின் சம்பளமும் அதிலிருந்துதான் போகிறது.

பதிவு முடிந்ததும் அன்பியப் பொறுப்பாளரின் பெயரும் போன் நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் அன்பியம் என்பது சாதாரணமாக 25 முதல் 40 குடும்பம். மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு வீட்டில் கூடுவார்கள். பாட்டு, விவிலிய வாசகம், பகிர்வு, மன்றாட்டு, கடைசியில் தெருவில் யாருக்கு என்ன என்கிற பேச்சு. இந்தக் கடைசிப் பத்து நிமிடம்தான் அன்பியத்தின் உயிர். பல இடங்களில் அதை விட்டுவிட்டு ஜெபமாலை சொல்லி, டீ பிஸ்கெட் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். பிறகு ஏன் யாரும் வருவதில்லை என்று பங்குப் பேரவையில் (பங்கு மக்களின் ஆலோசனைக் குழு) வருத்தப்படுவார்கள். டீ பிஸ்கெட் இன்னொரு தொல்லை: ஒரு வீட்டில் பஜ்ஜி போட்டால் அடுத்த வீட்டில் கேசரி, அதற்கடுத்த வீட்டுக்காரர் செலவுக்குப் பயந்து தன் முறையைத் தள்ளிப்போடுவார். தண்ணீர் மட்டும் என்று முடிவெடுத்த அன்பியங்களில் ஏழை வீடுகளிலும் கூட்டம் நடக்கிறது.

இனி அறிவிப்பில் கேட்கிற பெயர்கள். இரண்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இரண்டையும் மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள்.

வின்சென்ட் தே பவுல் சபை 1833-ல் பாரிஸில் பிரெடெரிக் ஓசனாம் என்ற கல்லூரி மாணவரும் நண்பர்களும் தொடங்கியது. பங்கில் இருக்கும் கிளைக்கு கான்ஃபரன்ஸ் என்று பெயர். பணமும் பொருளும் கொடுத்து உதவுகிற குழு இது. விதி எளிது: இரண்டு பேராக வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், பார்த்ததைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும், கூட்டம் முடிவெடுத்த பிறகே உதவி போக வேண்டும். கூட்டத்தின் முடிவில் ஒரு துணிப்பை சுற்றிவரும். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாமல் கையை உள்ளே விட்டுப் போட வேண்டும். பெறுகிறவரின் பெயரைக் கோயில் அறிவிப்பில் வாசிப்பது, மேடையில் ஏற்றி அரிசி மூட்டையோடு போட்டோ எடுப்பது எல்லாம் இந்தச் சபையின் முறைக்கே எதிரானது. அப்படி நடந்தால் தயங்காமல் கேளுங்கள்.

அரிசி என்றதும் ஒன்று. அரிசி பெறும் குடும்ப அட்டைக்கு ரேஷனில் 2011-லிருந்து அரிசி இலவசம். வீட்டில் ரேஷன் அரிசி இருக்கும்போது மேலும் 10 கிலோ அரிசி கொடுப்பதால் கொடுத்தவருக்குத்தான் திருப்தி. அந்த வீட்டில் இல்லாதது எண்ணெய், பருப்பு, சமையல் எரிவாயுவுக்குப் பணம், படுக்கையில் இருப்பவருக்கு டயப்பர், கண்ணாடி, பல் செட், இரண்டு மாத வாடகைப் பாக்கி. வீட்டுக்குப் போய்ப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். அதைவிடப் பெரிய உதவி காகித உதவி. முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். ஆனால் வருமானச் சான்று வாங்கி, எல்லோரும் நேரில் போய்ப் புகைப்படம் எடுத்து, அட்டை கையில் வாங்கியிருக்க வேண்டும். நோய் வந்த பிறகு ஓடினால் அலைச்சல். முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை, மகளிர் உரிமைத்தொகை எல்லாவற்றிலும் விண்ணப்பம் நின்றுபோவது பெரும்பாலும் பெயர் பொருந்தாமை, வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்காமை ஆகிய இரண்டில்தான். அரை நாள் லீவு போட்டு ஒரு பாட்டியோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகிறவர் ஒரு லாரி அரிசிக்குச் சமம்.

மரியாயின் சேனை வேறு. 1921 செப்டம்பர் 7-ல் டப்ளினில் பிராங்க் டஃப் தொடங்கியது. வாரம் ஒரு கூட்டம், வாரம் இரண்டு மணி நேர வேலை, இருவராகச் சந்திப்பு, அடுத்த கூட்டத்தில் என்ன செய்தோம் என்று வாய்மொழி அறிக்கை. சேனையின் உறுப்பினர் பொருளுதவி செய்யக் கூடாது, அது கண்டிப்பான விதி. வீட்டில் கஷ்டம் என்று தெரிந்தால் வின்சென்ட் சபைக்குச் சொல்லலாம், தானே கொடுக்க முடியாது. காரணம் நியாயமானது: கையில் பணம் இருக்கிறது என்று தெரிந்தால் கோயிலை விட்டு விலகிப் போனவர் மனம் திறந்து பேசமாட்டார், காசுக்காகப் பேசுவார். எந்த வீட்டுக்குப் போவது என்பதையும் தலைவர்தான் குறித்துக் கொடுப்பார், உங்களுக்குப் பிடித்த வீடு அல்ல. பேசுவதிலும் காது கொடுத்துக் கேட்பதிலும் பொறுமை உள்ளவர்களுக்கு இது. மனம் சட்டென்று இளகி பர்ஸைத் திறக்கிறவர் என்றால் வின்சென்ட் சபைதான் உங்களுக்கு.

நோயாளிகளுக்கு நற்கருணை (பூசையில் வசீகரித்த அப்பம்) கொண்டுபோவது தனிப் பணி. பயிற்சியும் ஆயரின் அனுமதியும் பெற்ற பொதுநிலையினர் ஞாயிறு பூசை முடிந்ததும் சிமிழில் எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வருவார்கள். வழியில் டீக்கடையில் நிற்பதில்லை, போனில் பேசுவதில்லை. வீட்டில் செய்து வைக்க வேண்டியது: ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, சிலுவை, மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அப்பத்தில் சிறு துண்டு போதும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேர உபவாச விதி நோயாளிக்கும் முதியவருக்கும் கூடவே இருந்து கவனிப்பவருக்கும் கிடையாது. மருந்துக்காகச் சாப்பிட்டுவிட்டோமே என்று மறுக்க வேண்டாம்.

இந்தப் பணியில் வழக்கமாகச் சறுக்குவது பட்டியல். இறந்தவர் பெயர் பட்டியலிலேயே இருக்கும், இடுப்பு ஒடிந்து மூன்று மாதமாய்ப் படுத்திருக்கும் அம்மா பெயர் இருக்காது. மாதம் ஒரு முறை அன்பியப் பொறுப்பாளர்கள் பட்டியலைப் புதுப்பித்துக் கொடுத்தால்தான் ஓடும். இன்னொன்று நோயில்பூசுதல், அதாவது நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்கு. அதைக் குருவானவர் மட்டுமே கொடுக்க முடியும், அது சாகப்போகிறவருக்கு மட்டுமானதும் அல்ல. அவஸ்தைப் பூசுதல் என்கிற பழைய பெயரால் வந்த பயத்தில், ஃபாதரைக் கூப்பிட்டால் நோயாளி பயந்துவிடுவார் என்று கடைசி மூச்சுவரை தள்ளிப்போடுகிறார்கள். பெரிய ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஸ்டான்லியிலோ வேறு மருத்துவமனையிலோ சேர்த்திருந்தால் வார்டு எண், கட்டில் எண், நோயாளியின் பதிவுப் பெயர் மூன்றையும் அனுப்புங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரை மட்டும் சொன்னால் குருவானவர் மாடி மாடியாக அலைவார்.

மரணம் நடந்தால் முதல் போன் அன்பியப் பொறுப்பாளருக்கு, இரண்டாவது பங்கு அலுவலகத்துக்கு. வீட்டில் இறந்தால் பார்த்துவந்த டாக்டரிடம் மரணக் காரணச் சான்று வாங்க வேண்டும். இது இல்லாமல் கல்லறையில் இடம் கேட்க முடியாது. கல்லறைக்குப் பங்குத்தந்தையின் கடிதம், இறந்தவரின் ஆதார், குடும்பக் கல்லறை இருந்தால் அதன் எண்ணும் பழைய ரசீதும். காசிமேடு, கீழ்ப்பாக்கம் கல்லறைகள் இரண்டுமே தனி வாரியத்தின் நிர்வாகத்தில் இருப்பவை, பங்கின் கையில் இல்லை. இட நெருக்கடியும் உண்டு. பழைய ரசீது எங்கே என்று துக்க வீட்டில் பீரோவைக் குடைவதுதான் மிகக் கொடுமை, இப்போதே தேடி எடுத்து வையுங்கள். மாநகராட்சியில் இறப்புப் பதிவை 21 நாளுக்குள் செய்தால் கட்டணம் இல்லை. பல பங்குகளில் மரண சகாய நிதி இருக்கிறது: மாதம் சிறு தொகை, அடக்கத்தன்று குடும்பத்துக்கு ரொக்கம். இருந்தால் சேர்ந்துவிடுங்கள்.

கல்யாணத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மண்டபத்தைப் பிடித்து, பத்திரிகை அடித்து, பிறகு பங்கு அலுவலகத்துக்கு வருகிறார்கள். முறை தலைகீழ். மணமக்கள் இருவருக்கும் ஞானஸ்நானம் பெற்ற பங்கிலிருந்து புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்று வேண்டும். வீட்டில் லேமினேட் செய்து வைத்திருப்பது உதவாது, ஏனென்றால் ஒருவர் திருமணமானவரா என்ற குறிப்பு ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்தில்தான் ஏறும். அதனால்தான் ஆறு மாதத்துக்குள் எடுத்த சான்று கேட்கிறார்கள். திருமணத் தயாரிப்புப் பயிற்சிச் சான்று, இரண்டு பங்கிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பு, அதன்பின் தடையில்லை என்ற கடிதம். ஒருவர் பிற சமயத்தவர் என்றால் ஆயரின் விதிவிலக்கும் வேண்டும், அதற்குத் தனியாகச் சில வாரம். எல்லாம் சேர்த்து மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். தவக்காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள்) கல்யாணம் வைப்பது வழக்கமில்லை, தேதி குறிக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர்ச் சிக்கல் உங்கள் ஊர்க்காரர்களுக்கு நிச்சயம் வரும். ஞானஸ்நானத்தில் மரிய அந்தோணி ராஜ், பள்ளியில் ராஜா, ஆதாரில் ராஜ் என்று இருப்பது சகஜம். பதிவேட்டில் அடித்துத் திருத்த மாட்டார்கள், உரிய ஆவணம் கொடுத்தால் ஓரக்குறிப்பாக எழுதுவார்கள். ஊர்ப் பங்கில்தான் அது நடக்கும், பயணச் செலவோடு கணக்குப் போடுங்கள்.

குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால் ஞானப்பெற்றோர் விஷயத்தில்தான் தகராறு வரும். ஒருவர் போதும், அல்லது ஓர் ஆண் ஒரு பெண். 16 வயது நிறைந்து, உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பெற்றோரே ஞானப்பெற்றோர் ஆக முடியாது. உயிர் நண்பர் இந்து என்றால் அவரை நிறுத்த முடியாது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற கத்தோலிக்கமல்லாத சபைகளில் ஞானஸ்நானம் பெற்றவர், ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோருடன் சாட்சியாக நிற்கலாம்.

மறைக்கல்வி ஞாயிறு காலை. புதுநன்மை வகுப்புக்குக் கூட்டம் அலைமோதும், அது முடிந்த அடுத்த வாரம் பாதிப் பிள்ளைகள் காணாமல் போவார்கள். ஆசிரியர்கள் எப்போதும் பற்றாக்குறை, நீங்கள் கேட்டாலே கொடுத்துவிடுவார்கள். ஒரே ஒரு நிபந்தனையை நீங்களே வையுங்கள்: மூடிய அறையில் ஒரு பெரியவர் தனியாக ஒரு பிள்ளையுடன் இருக்கக் கூடாது. மறைக்கல்வி, பீடச்சிறுவர், பாடகர் குழு, மாலை வகுப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தவறு நடந்தது தெரிந்தால் பங்குக்குள் பேசித் தீர்க்கும் விஷயமல்ல. போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றத் தடுப்பு) சட்டப்படி தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும், மறைத்தால் அதுவே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098.

மாலைப் பாட வகுப்பு வடசென்னைப் பங்குகளுக்கு ரொம்பவே பொருந்துகிற பணி. வீட்டில் ஒரே அறை, டிவி ஓடும், படிக்க இடமில்லை. வியாசர்பாடியில் 1960-களில் சலேசியக் குருவானவர் ஆர்ஃபியஸ் மந்தோவானி தொடங்கிய மையம் முதியோர், நோயாளி, பிள்ளைகள் எல்லோரையும் ஒரே வளாகத்தில் பார்த்தது. ஒரு பங்கு அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆறு மணி முதல் எட்டு மணி வரை ஹாலைத் திறந்து, மின்விசிறி போட்டு, 15 பிள்ளைக்கு ஒரு பெரியவர் இருந்தால் போதும். எல்லோரும் 10-ஆம் வகுப்பையே பிடித்துக்கொள்வது பெரிய பிழை. 6, 7-ஆம் வகுப்பில் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளையை அப்போதே பிடிக்காவிட்டால் பத்தாம் வகுப்பில் ஒன்றும் செய்ய முடியாது. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைக்காதீர்கள், தெருவில் பலர் மற்ற சமயத்தார், நீங்கள் கேட்காமலே அவர்கள் நிதி கொடுப்பார்கள்.

மருத்துவ முகாம்கள் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயமில்லை. பி.பி., சுகர் பார்த்து, ஒரு சீட்டு கொடுத்து, மூன்று நாள் மாத்திரை கொடுத்து அனுப்புவதால் என்ன பயன்? பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரை முகாமுக்கே அழைத்து, புதிதாகச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்டவரை அங்கேயே பதிய வைத்தால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். அப்படி நடத்தினால் நல்லது. ரத்ததான முகாமைப் புனித வெள்ளியன்று வைக்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எண்ணம் நல்லது, ஆனால் அன்று பெரும்பாலானோர் உபவாசம், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தால் மயங்கி விழுவார்கள். வேறு நாள் பாருங்கள். 18 வயது, 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி.

கடலோரப் பங்குகளுக்கு ஒரு நாட்காட்டி உண்டு, உள்ளே இருப்பவர்கள் அதைக் கவனிப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. காசிமேட்டு வருமானம் நிற்கும் அதே நேரத்தில் பள்ளிக் கட்டணமும் நோட்டுப் புத்தகச் செலவும் வரும். வின்சென்ட் சபையின் கல்வி உதவி மே மாதமே தயாராக இருந்தால் கந்துவட்டிக்குப் போகாமல் தடுக்கலாம். ஜூலையில் கொடுத்தால் வட்டிக்காரருக்குத்தான் போய்ச் சேரும். திருவிழா வரிவசூலையும் இந்த மாதங்களில் வைக்கக் கூடாது.

வெள்ளம் அடுத்தது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் கோயில் ஹால்கள்தான் பல தெருக்களுக்கு முகாம். எண்ணூர்ப் பக்கம் 2023-ல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து வலையும் படகும் பாழாயின. முதல் நாள் வேண்டியது சாப்பாடும் தண்ணீரும். 100 பேர் சாம்பார் சாதத்துக்கு 8 கிலோ அரிசி, 3 கிலோ துவரம்பருப்பு, 6 கிலோ காய் கணக்கு. தேங்காய் சேர்க்காதீர்கள். கொதிக்கக் கொதிக்கப் பொட்டலம் கட்டி மூடினால் மதியத்துக்குள் ஊசிப்போகும், தாம்பாளத்தில் பரப்பிச் சூடு தணிந்தபின் கட்டுங்கள். தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு 3 லிட்டர் என்றால் நாலு பேர் குடும்பத்துக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர், அதாவது இரண்டு கேன். மூன்றாம் நாளிலிருந்து பாய், போர்வை, புது உள்ளாடை, நாப்கின், கொசுவர்த்தி, பிளீச்சிங் பவுடர். பழைய துணி மட்டும் வேண்டாம் என்று அறிவித்துவிடுங்கள். பிரித்து அடுக்க ஆள் போதாமல் ஹாலில் ஒரு மாதம் நாறும். பங்குப் பதிவேடுகளைத் தரைத்தள பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து மாடிக்கு ஏற்றுவதை அக்டோபரிலேயே செய்துவிட வேண்டும். நனைந்துபோன ஞானஸ்நானப் பதிவேட்டை எந்த அலுவலகமும் திருப்பித் தராது.

திருவிழாவில் கொடியேற்றம், நவநாள், தேர்பவனி, கொடியிறக்கம் என்ற வரிசை உங்கள் ஊரில் பார்த்ததுதான். வடசென்னையில் வேறுபடுவது தெரு. தேரின் உச்சிச் சிலுவைவரை உயரம் அளந்து, போகிற வழியில் மிகத் தாழ்வான வயர் எது என்று பகலில் நடந்து பார்க்க வேண்டும். கேபிள் டிவி வயர், இன்டர்நெட் வயர் என்றால் மரக் கவையால் தூக்கிவிடலாம். மின்வாரிய வயரைத் தொடவே கூடாது, காய்ந்த மூங்கில் என்று நம்பித் தூக்குகிறார்கள், பனியில் நனைந்த மூங்கிலில் மின்சாரம் பாயும். மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து அந்த நேரத்துக்கு லைனை நிறுத்தச் சொல்லுங்கள், விளக்குக்கு ஜெனரேட்டர் தேரின் பின்னால் தனி வண்டியில் வரட்டும். முனை திரும்பும்போது முட்டுக்கட்டை போடுகிறவர் தேர்ச் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும், முன்னால் குனியக் கூடாது. கட்டையில் நீளமான கைப்பிடி இருக்க வேண்டும். அவருக்கு அன்று வேறு வேலை எதுவும் கொடுக்காதீர்கள், பேசவும் விடாதீர்கள். காவல் நிலையத்துக்கு வழி, நேரம், ஒலிபெருக்கி எல்லாம் எழுதி இரண்டு வாரம் முன்பே கடிதம். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, மருத்துவமனை, பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்ட்ஸுக்கும் இதே விதிதான், இளைஞர் குழு அதை மறந்துவிடும்.

பணம் எண்ணும் வேலைக்கு உங்களைக் கூப்பிட்டால் போங்கள், பங்கைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடமில்லை. உண்டியலுக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி இரண்டு பேரிடம். பாயை விரித்துக் கொட்டினால் நோட்டோடு மெழுகு ஒட்டிய நாணயம், ஊக்கு குத்திய மன்றாட்டுச் சீட்டு, செல்லாத 500 ரூபாய், ஒரு குழந்தையின் வெள்ளிக் கொலுசு என்று விழும். உறவுக்காரர் அல்லாத மூன்று பேராவது எண்ண வேண்டும், நோட்டு வகைவாரியாகச் சீட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்து, அடுத்த வங்கி நாளில் முழுத்தொகையும் கட்ட வேண்டும். செலவுக்கு அதிலிருந்தே எடுத்துக்கொள்வது என்று தொடங்கினால் கணக்கு என்றைக்கும் நேராகாது. திருச்சபைச் சட்டப்படி ஒவ்வொரு பங்குக்கும் நிதிக்குழு கட்டாயம். பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும்தான், இறுதி முடிவு பங்குத்தந்தையுடையது. பேரவையில் சேர்ந்து சத்தம் போட்டு ஏமாறுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை முதலில் தெரிந்துகொண்டால் நல்லது.

உங்கள் பக்கத்து வீட்டார் சி.எஸ்.ஐ. என்றால் அமைப்பு வேறு. அங்கே பாஸ்டரேட் கமிட்டி (சபை நிர்வாகக் குழு) தேர்தலில் வருவது, சந்தா கட்டி வாக்காளர் பட்டியலில் இருப்பது முக்கியம், பெண்கள் ஐக்கிய சங்கமும் ஞாயிறு பள்ளியும் வலுவாக இருக்கும். வெள்ள வேலையிலும் மாலை வகுப்பிலும் இரண்டு கோயிலும் சேர்ந்து செய்வதில் தடையொன்றும் இல்லை, பட்டியலை மட்டும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரே வீட்டுக்கு இரண்டு மூட்டை போகும்.

எதில் சேர்வது என்றால், ஆறு மாதம் அன்பியக் கூட்டத்துக்கு மட்டும் போங்கள். அதன்பின் வாரம் இரண்டு மணி நேரம் பிடிக்கிற ஒரே ஒரு வேலை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று குழுவில் பெயர் கொடுத்தவர்களைத்தான் எந்தக் குழுவிலும் பார்க்க முடிவதில்லை.

தம்பி விஷயம். அவர் இந்தியப் பாஸ்போர்ட்டில் துபாயில் வேலை செய்கிறார் என்றால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது, பங்கின் சாதாரணக் கணக்குக்கே அனுப்பலாம். பாஸ்போர்ட் நகலும், சொந்தப் பணம் என்ற கடிதமும் பங்கு அலுவலகத்தில் இருக்கட்டும். அவர் அங்கே நண்பர்களிடம் வசூலித்து அனுப்பக் கூடாது. அதே நேரம் கனடா குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா, ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர்தான். அவரிடமிருந்து எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத பங்கு ஒரு ரூபாய் வாங்க முடியாது. பதிவு இருந்தால் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்றே உள்ள கணக்குக்கு மட்டும்தான் வர வேண்டும். சித்தப்பாவின் பணத்தைத் தம்பி கணக்கில் வாங்கி மாற்றிவிடலாமே என்று யாராவது யோசனை சொன்னால், அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள்.